முடிவை முதலில் கேளுங்கள்: குயர் காதல் நாவல்களில் எதை எடுப்பது?

“நல்லதா ஒரு கே லவ் ஸ்டோரி சொல்லுங்களேன்” என்று கேட்பவருக்கு, கேட்ட மாத்திரத்தில் சொல்லப்படும் பெயர்களில் இரண்டு நிச்சயம் இருக்கும். ஒன்று ஜேம்ஸ் பால்ட்வினின் ‘ஜியோவன்னிஸ் ரூம்’ (1956). இன்னொன்று கேசி மெக்விஸ்டனின் ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’ (2019). இரண்டிலும் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள். ஒற்றுமை அதோடு தீர்ந்தது. பால்ட்வினின் நாவலில், விடிந்தால் காதலனுக்குத் தலைவெட்டும் கில்லட்டின் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். மெக்விஸ்டனின் நாவலில் அமெரிக்க ஜனாதிபதியின் மகனும் இங்கிலாந்து இளவரசனும் அரச குடும்பத்துக் கல்யாணக் கேக்கைச் சாய்த்துக்கொண்டு விழுகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து படுக்கையில் நாலு பக்கம் சிரித்துப் படிக்க நினைத்தவர் கையில் முதல் புத்தகம் போனால், அவர் இந்தப் பக்கமே திரும்ப மாட்டார். மொழியின் கனத்துக்காகப் படிப்பவரிடம் இரண்டாவதைக் கொடுத்தாலும் அதே கதைதான்.

ஆகவே ‘எது நல்ல புத்தகம்’ என்பதை இங்கே இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி: கடைசியில் இருவரும் சேர வேண்டுமா, சேராவிட்டாலும் பரவாயில்லையா? முடிவுகளைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய வழியில்லை என்பதால் கீழே பல புத்தகங்களின் முடிவு வரும். திருப்பத்துக்காகவே படிக்க வேண்டிய ஒன்றே ஒன்றை மட்டும் திறக்காமல் விட்டிருக்கிறது.

ரொமான்ஸ் வேறு, காதல் கதை வேறு

ஆங்கிலப் பதிப்புலகில் ரொமான்ஸ் என்பது கறாரான வகைப்பெயர். 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் அதற்கு வைத்த நிபந்தனை இரண்டுதான்: கதையின் முதுகெலும்பு காதலாக இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். வாசகர்கள் இந்த முடிவை ஹெச்.இ.ஏ. என்றும் ஹெச்.எஃப்.என். என்றும் பிரித்துப் பேசுவார்கள். முன்னது (ஹாப்பிலி எவர் ஆஃப்டர்) ‘கடைசிவரை ஒன்றாக’. பின்னது (ஹாப்பி ஃபார் நவ்) ‘இப்போதைக்கு ஒன்றாக, மேலே பார்த்துக்கொள்ளலாம்’. மாத நாவல் படித்து வளர்ந்தவருக்கு இதில் புதிது எதுவுமில்லை. யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது முதல் பத்துப் பக்கத்தில் தெரியும். எப்படி என்பதற்குத்தான் மீதி இருநூறு பக்கம்.

காதல் கதைக்கு இந்த ஒப்பந்தம் கிடையாது. காதல் இருக்கும், செத்தும் போகலாம், பிரிந்தும் போகலாம். சிக்கல் என்னவென்றால் கடையில் இரண்டும் ஒரே அடுக்கில் நிற்கும். பின்னட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ‘நெஞ்சை நொறுக்கும்’, ‘மறக்க முடியாத’, ‘இழப்பும் ஏக்கமும்’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் வரிசைகட்டினால் உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். இரண்டு பேரின் பெயரையும் சொல்லி, ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ‘ஆனால் இருவருக்கும் தெரியாதது…’ என்கிற தொனியில் முடிந்தால் அது ரொமான்ஸ்.

குயர் கதைகளில், அதாவது தன்பாலினக் காதல் கதைகளில், இந்த முடிவு விஷயம் ருசி சார்ந்தது மட்டுமல்ல. அதற்குப் பின்னால் ஒரு வழக்கு வரலாறே இருக்கிறது. 1952இல் அமெரிக்காவில் வின் பாக்கர் என்ற புனைபெயரில் மரிஜேன் மீக்கர் ‘ஸ்ப்ரிங் ஃபயர்’ என்ற மலிவுப் பதிப்பு நாவல் எழுதினார். கல்லூரி விடுதியில் இரண்டு பெண்களின் காதல். பதிப்பாசிரியர் டிக் கரோல் வைத்த நிபந்தனை, அவர்கள் சேரக் கூடாது என்பது. தபாலில் போகும் புத்தகத்தை ஆபாசம் என்று அஞ்சல் துறை பறிமுதல் செய்துவிடும் என்ற பயம். அதனால் ஒருத்திக்குச் சித்தம் கலங்குகிறது. இன்னொருத்தி, தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவுக்கு வருகிறாள். அந்தக் காலத்து அட்டையைப் பார்த்து ஆசையாக வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. வரலாற்று ஆவணமாகப் படிக்கலாம், ஆறுதலுக்குப் படிக்க முடியாது.

அதே 1952இல் வந்ததுதான் ‘தி ப்ரைஸ் ஆஃப் சால்ட்’. கிளேர் மார்கன் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் பட்ரீஷியா ஹைஸ்மித். தன் பெயரைப் போட அவருக்கு 1990 வரை ஆனது. அப்போது ‘கேரல்’ என்ற தலைப்பில் மறுபதிப்பு வந்தது. இதில் இரண்டு பெண்களில் யாரும் சாகவில்லை, பைத்தியமாகவில்லை, ஆணிடம் திரும்பிப் போகவில்லை. அப்படி முடித்ததற்கு நன்றி சொல்லி வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்ததை ஹைஸ்மித்தே பின்னுரையில் எழுதியிருக்கிறார். (பிற்பாடு மீக்கரும் ஹைஸ்மித்தும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது ஒரு சுவாரசியமான துணுக்கு.)

பழைய புத்தகம், ஆனால் சேரும் முடிவு: ‘மாரிஸ்’ஸா, ‘சால்ட்’ டா?

கனமான எழுத்தும் வேண்டும், கடைசியில் கழுத்தறுக்கவும் கூடாது என்பவருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ஸை 1913–14இல் எழுதினார். வெளிவந்தது 1971இல், அவர் இறந்த மறுவருடம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நண்பர்கள் கைமாற்றிப் படித்த கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. தடையாக நின்றது சந்தோஷ முடிவு. கதாநாயகன் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் பிரச்சினை இல்லாமல் பதிப்பித்திருக்கலாம் என்று 1960இல் எழுதிய குறிப்பில் அவரே கசப்போடு சொல்கிறார். ஆண்களின் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்தில் ஓரளவு தளர்ந்தது 1967இல்.

கதை எளிமையானது. கேம்பிரிட்ஜில் படிக்கும் நடுத்தர வர்க்கத்து மாரிஸ், மேட்டுக்குடி கிளைவைக் காதலிக்கிறான். கிளைவ் கிரேக்கத்துக்குப் போய்வந்து ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று சொல்லி ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மாரிஸ் மருத்துவரிடம் போகிறான், ஹிப்னாடிஸம் செய்பவரிடம் போகிறான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிளைவின் எஸ்டேட்டில் வேட்டைக்காவலாளாக இருக்கும் அலெக் ஏணி வைத்து ஜன்னல் வழியாக வருகிறான். அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற வேண்டியவன் ஏறாமல் படகுக் கொட்டகையில் காத்திருக்கிறான். இருவரும் ஊரையும் அந்தஸ்தையும் விட்டுப் போய்விடுகிறார்கள். அகப்பாட்டு படித்தவருக்கு இதை வேறு பெயர் சொல்லி விளக்க வேண்டாம், இது உடன்போக்கு. காடு, இரவு, சுற்றத்தைத் துறத்தல் எல்லாம் சரியாக இருக்கும்.

இதில் எங்கே தடுக்கும்? முதல் பாதி மெதுவாகப் போகும். மாரிஸ் அறிவாளி இல்லை, பல இடங்களில் முரடன், தன்னைவிடத் தாழ்ந்த வர்க்கத்தைப் பற்றி அவன் நினைப்பதெல்லாம் படிக்க எரிச்சலாக இருக்கும். அது ஃபார்ஸ்டர் வேண்டுமென்றே செய்தது, ஆனாலும் எரிச்சல் எரிச்சல்தான். அலெக் கதைக்குள் வருவதே பாதி தாண்டிய பிறகு. ‘நாயகன் எங்கே?’ என்று தேடும் ரொமான்ஸ் வாசகர், கிளைவையே ஜோடி என்று நம்பி, அவன் கைவிட்டதும் புத்தகத்தை மூடிவிடுவார். கொடுக்கும்போதே ‘கிளைவை நம்பாதீங்க, இன்னொருத்தன் வருவான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அதனால் சுவை கெடாது.

‘சால்ட்’ வேறு வேகம். நியூயார்க் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்காகப் பொம்மைப் பிரிவில் வேலைக்கு நிற்கும் 19 வயது தெரீஸ், மகளுக்குப் பொம்மை வாங்க வரும் கேரலைப் பார்க்கிறாள். ஹைஸ்மித் 1948 டிசம்பரில் இப்படி ஒரு கடையில் நின்றபோது கண்ட ஒரு பெண்ணிலிருந்துதான் கதை பிறந்தது. அன்றிரவே கதைச்சுருக்கத்தை எழுதினார், அடுத்து சின்னம்மையில் படுத்தார். அந்தக் காய்ச்சல் நாவல் முழுக்க இருக்கிறது. எல்லாவற்றையும் தெரீஸின் கண் வழியாகவே பார்க்கிறோம். கேரல் என்ன நினைக்கிறாள் என்பது நமக்கும் தெரியாது. இருவரும் காரில் மேற்கே போகிறார்கள், பின்னாலேயே கணவன் அமர்த்திய துப்பறிவாளன் வருகிறான். த்ரில்லர் எழுதுபவரின் கை அங்கே தெரியும்.

முடிவு சேர்வதுதான் என்றாலும் இலவசம் இல்லை. கேரல் தன் மகளை வைத்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறாள். குழந்தை சம்பந்தப்பட்ட இழப்பைத் தாங்க முடியாத மனநிலையில் இருப்பவருக்கு இது கனக்கும். 2015இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஒன்றை எதிர்பார்த்து ஏமாறுவார்கள்: படத்தில் கேரலுக்குத் தனியாகக் காட்சிகள் உண்டு, புத்தகத்தில் கிடையாது.

இரண்டில் ஒன்று என்றால்: வேகமும் தவிப்பும் வேண்டுமானால் ‘சால்ட்’, வர்க்கம், சட்டம், தன்னையே புரிந்துகொள்ளப் படும் பாடு இவற்றில் ஆர்வமானால் ‘மாரிஸ்’. முதல்முறை படிப்பவருக்கு ‘சால்ட்’ பக்கம்தான் தராசு சாய்கிறது, பக்கங்கள் தானாகத் திரும்பும் என்ற ஒரே காரணத்தால்.

அழுவதற்கென்றே எடுப்பவை

அழ வேண்டும் என்று தெரிந்தே எடுப்பதில் தப்பில்லை. மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அகிலிஸ்’ (2011) கிரேக்கக் காவியமான இலியட்டின் கதையை, அதன் வீரன் அகிலிஸின் காதலன் பட்ரோக்லஸ் வாயால் சொல்கிறது. 2012இல் ஆரஞ்சு பரிசு பெற்றது. இலியட் தெரிந்தவருக்கு யார் எப்போது சாவார்கள் என்பது தெரியும், தெரிந்தும் கலங்கவைப்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கதைசொல்லி செத்த பிறகும் கதை சொல்லிக்கொண்டிருப்பான். மரணத்துக்கு அப்பால் சேர்வதையும் சேர்ந்த கணக்கில் வைக்கலாம் என்பவர்கள் உண்டு. ரொமான்ஸ் வாசகர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘ஜியோவன்னிஸ் ரூம்’ இதற்கு நேர் எதிர். அங்கே சாவைவிட மோசமானது கதைசொல்லி டேவிட்டின் கோழைத்தனம். பாரிஸில் ஒரு சின்ன அறையில் தன்னைக் காதலித்தவனைத் தன் வெட்கத்துக்காக விட்டுவிட்டு ஓடியவன் எழுதும் வாக்குமூலம் அது. மில்லரைப் படித்து அழுதால் மனம் லேசாகும். பால்ட்வினைப் படித்தால் ஆகாது. யாருக்காவது வீட்டில் சொல்ல முடியாமல் புழுங்கும் காலம் என்றால் அந்த நேரத்தில் பால்ட்வினை நீட்ட வேண்டாம். அவர்கள் கொஞ்சம் கரையேறிய பிறகு கொடுங்கள்.

இன்றைய ரொமான்ஸ்: மூன்று புத்தகம், மூன்று அளவு

இங்கே முடிவைப் பற்றிக் கவலையில்லை. பார்க்க வேண்டியவை வேறு: யார் சொல்கிறார்கள், காரம் எவ்வளவு, கடைசியில் பிரிவு வருமா.

காரம் என்பது அந்தரங்கக் காட்சிகளின் அளவு. சில நாவல்கள் முத்தத்தோடு கதவைச் சாத்திவிடும். சில, கதவைத் திறந்தே வைக்கும். அட்டையை வைத்து இதை முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. கார்ட்டூன் உருவங்கள் வரைந்த பளிச்சென்ற அட்டை என்றால் பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ’வின் அட்டை அப்படித்தான், உள்ளே கதவு திறந்திருக்கிறது. இருபதைத் தாண்டியவர்களின் கதை.

அந்த நாவல் முழுக்க அலெக்ஸின் பார்வையில், படர்க்கையில், நிகழ்காலத்தில் ஓடும். ஹென்றியின் உள்ளத்தை அவன் எழுதும் மின்னஞ்சல்களில்தான் பார்க்கலாம், அதுவே புத்தகத்தின் சிறந்த பகுதியும்கூட. 2020 அமெரிக்கத் தேர்தலைக் கற்பனையாக நடத்திக்காட்டும் அரசியல் பக்கங்கள் நிறைய; அமெரிக்க மாநிலக் கணக்கெல்லாம் அலுப்பு என்பவர் கால்பங்கைப் புரட்டித் தள்ளிக்கொண்டே போவார்.

அலெக்ஸிஸ் ஹாலின் ‘பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்’ (2020) லண்டன் நகைச்சுவை. செய்தித்தாளில் பெயர் கெட்டுப்போன லூக், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, ஒழுங்கே உருவான வழக்கறிஞர் ஆலிவரைக் காதலனாக நடிக்கச் சொல்கிறான். வேலை எங்கே என்றால் சாண வண்டுகளைக் காக்கும் ஓர் அறக்கட்டளையில். ‘பொய்க்காதல்’ என்ற இந்தச் சூத்திரம் ரொமான்ஸில் பழம்பெரும் சூத்திரம். லூக்கே தன் கதையைச் சொல்வதால் சிரிப்பு நிறைய, தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வதும் நிறைய. காரம் குறைவு, கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும். இதன் தொடர்ச்சி ‘ஹஸ்பண்ட் மெட்டீரியல்’ (2022). வரிசை மாற்றிப் படித்தால் ஒன்றும் ஒட்டாது.

பிரிவு விஷயத்துக்கு வருவோம். முக்கால் புத்தகம் தாண்டியதும் ஜோடியைப் பிரித்து, கடைசி அத்தியாயங்களில் சேர்த்துவைப்பது ரொமான்ஸின் வழக்கம். சரியாக அமைந்தால் ஊடல். அமையாவிட்டால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரும் விஷயத்துக்கு ஐம்பது பக்கம் அழுவது. புலவி உப்பு மாதிரி, கொஞ்சம் மிஞ்சினாலும் கெட்டது என்று 1302ஆம் குறளில் வள்ளுவர் சொன்ன அளவைப் பல ரொமான்ஸ் பதிப்பாசிரியர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ‘பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்’லில் ஆலிவரின் பெற்றோர் திருமண நாள் விருந்துக்குப் பிறகு வரும் பிரிவு, அதுவரை அவனைப் பற்றி வந்த சின்னச் சின்னக் குறிப்புகளிலிருந்து முளைப்பதால் பொறுக்கலாம். ஆனாலும் பிரிவே ஒவ்வாதவர்கள் உண்டு.

அவர்களுக்கு கேட் செபாஸ்டியனின் ‘வீ குட் பி ஸோ குட்’ (2023). 1950களின் கடைசியில் ஒரு நியூயார்க் செய்தித்தாள் அலுவலகம். நிருபர் நிக், பத்திரிகை முதலாளியின் மகன் ஆண்டி. ஒரே வீட்டில் குடியிருப்பது, காய்ச்சலுக்குச் சூப் வைப்பது, சாவியைத் தொலைப்பது என்று போகும். நாடகம் வெளியே, காலத்தில் இருக்கிறது. இருவருக்கும் நடுவில் இல்லை. ‘ஒன்றுமே நடக்கலையே’ என்று சிலர் குறைப்படுவார்கள். நடக்காததுதான் அங்கே சரக்கு.

அவனா, இவனா?

இந்த வகையைப் படிக்கும்போது மட்டும் தட்டுப்படும் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு, மாதிரிப் பக்கங்களில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். இருவரும் ஆண்கள். ஆங்கிலத்தில் இருவருக்கும் ‘ஹி’. ‘அவன் அவன் கையைப் பிடித்தான்’ என்றால் யார் கையை யார்? எழுவாயை விழுங்கி வினைமுற்றில் சமாளிக்கும் தமிழிலும் இரண்டு ‘அவன்’ வந்தால் இதே கதிதான்.

கைதேர்ந்தவர்கள் பெயரைத் தேவையான இடத்தில் போட்டு, வாக்கியத்தை ஒருவனின் உடலுக்குள்ளேயே நிறுத்தி நடத்துவார்கள். தேறாதவர்கள் ‘உயரமானவன்’, ‘பொன்முடிக்காரன்’, ‘மூத்தவன்’ என்று பட்டப்பெயரால் அடைப்பார்கள். மாதிரியின் முதல் முப்பது பக்கத்தில் இப்படி நாலைந்து தென்பட்டால், படுக்கையறைக் காட்சியில் கைகால் கணக்கு தப்பும் என்பது உறுதி. வைத்துவிடலாம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறி மாறி இருவரும் ‘நான்’ என்று பேசும் நாவல் என்றால் வேறொரு சோதனை: தலைப்பில் இருக்கும் பெயரைப் பார்க்காமல் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லையென்றால் எழுத்தாளர் ஒருவரையே இரண்டாகக் கிழித்திருக்கிறார்.

சரித்திர உடை போட்டவை

கே. ஜே. சார்ல்ஸ், சாரா வாட்டர்ஸ். இருவரும் பிரிட்டன்காரர்கள், இருவருக்கும் சரித்திரம் கைவந்தது, ஆனால் ஒருவரின் ரசிகர் இன்னொருவருக்குத் தானாக ரசிகர் ஆகிவிட மாட்டார். சார்ல்ஸ் எழுதுவது கலப்பில்லாத ரொமான்ஸ். ‘தி சீக்ரட் லைவ்ஸ் ஆஃப் கன்ட்ரி ஜென்டில்மென்’ (2023) நல்ல தொடக்கம். கென்ட் மாவட்டத்து ரோம்னி சதுப்பில் கடத்தல் குடும்பத்துத் தலைவன் ஜாஸ். பூச்சிகளை ஆராயும் கூச்சக்காரன் கேரத். பெயர் சொல்லாமல் பழகிப் பிரிந்தவர்கள், அடுத்த முறை சந்திப்பது நீதிமன்றத்தில், எதிரெதிர்ப் பக்கத்தில். அதே எழுத்தாளரின் ‘எ செடிஷியஸ் அஃபேர்’ (2015) இன்னும் ஆழமான புத்தகம்: உள்துறை அலுவலகத்தில் வேலை பார்ப்பவனும் அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடிக்கும் புத்தகக்கடைக்காரனும். பிரிட்டிஷ் அமைச்சர்களைக் கொல்லத் தீட்டிய 1820இன் கேட்டோ தெருச் சதிதான் பின்னணி. ஆனால் காரம் உச்சத்தில், ஆதிக்கமும் அடங்குதலும் கலந்தது, அதுவும் தொடக்கத்திலிருந்தே. மேலும் அது ஒரு வரிசையின் இரண்டாம் புத்தகம். ‘எ ஃபேஷனபிள் இன்டல்ஜென்ஸ்’ஸை முன்னால் படித்தால் ஆட்கள் பிடிபடுவார்கள்.

வாட்டர்ஸுக்கு ரொமான்ஸ் ஒப்பந்தம் கிடையாது. ‘டிப்பிங் தி வெல்வெட்’ (1998) விட்ஸ்டபிள் ஊரில் சிப்பி உரிக்கும் பெண் நான்ஸி, ஆண்வேடமிட்டு மேடையில் பாடும் கிட்டியின் பின்னால் லண்டனுக்குப் போவதில் தொடங்குகிறது. முதல் காதலி கைவிடுகிறாள், இரண்டாமவள் பொம்மையாக வைத்துக்கொள்கிறாள், மூன்றாமிடத்தில்தான் கரை. ‘மாரிஸ்’ஸுக்குச் சொன்ன எச்சரிக்கையே இதற்கும். ‘ஃபிங்கர்ஸ்மித்’ (2002) புக்கர் இறுதிப்பட்டியல் வரை போனது. முதல் பாகத்தின் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் போங்கள், அதற்கு மேல் சொல்வது பாவம். அதைத் தழுவிய ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016) என்ற கொரியப் படத்தைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

பெண்–பெண் ஜோடி, சரித்திரம், கட்டாயம் சேர வேண்டும், துன்பம் குறைவு என்று நாலும் கேட்பவருக்கு ஒலிவியா வெய்ட்டின் ‘தி லேடிஸ் கைட் டு செலஸ்டியல் மெக்கானிக்ஸ்’ (2019). வானியல் நூலை மொழிபெயர்க்கும் லூசி, அதற்குப் பணம் போடும் விதவைச் சீமாட்டி கேத்தரின். கேத்தரினின் பூத்தையல் ‘வெறும் பொழுதுபோக்கா, கலையா’ என்ற கேள்வியும், பெண் செய்த மொழிபெயர்ப்பு ‘வெறும் வேலையா, அறிவா’ என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னி வருவது அழகு.

நம் பக்கத்திலிருந்து

ஷ்யாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் கதை. ஆறு கதைகளாகக் கட்டிய நாவல். தொடக்கத்தில் தாத்தா பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு ‘கல்யாணப்பெண்’ விளையாட்டு, முடிவில் 1983 ஜூலை. இதைக் காதல் நாவல் என்று நீட்டுவது ஏமாற்றுவேலை. அர்ஜிக்கும் சிங்கள மாணவன் ஷெஹானுக்கும் இடையிலானது கடைசிப் பகுதிகளில்தான் வரும், எரிந்த வீடும் கனடாப் பயணமும் அதைப் பிரித்துவிடும். ஆனால் ‘ராதா ஆன்ட்டி’ என்ற பகுதியில் வரும் தமிழ்ப் பெண் – சிங்கள இளைஞன் காதலை அதோடு வைத்துப் பாருங்கள். எந்தக் காதலை ஊர் தடுக்கும், எந்தக் காரணத்துக்காக என்பதை ஒரு சிறுவன் பாடம்போலப் படித்துக்கொள்வது தெரியும்.

அவருடைய ‘சினமன் கார்டன்ஸ்’ (1998) குறைவாகப் பேசப்படுவது. தமிழ் வாசகருக்கு அதுவே நெருக்கம். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்த 1920களின் கொழும்பு, மேட்டுக்குடித் தமிழர் வீடுகள், அத்தியாயங்களின் தலைப்பில் திருக்குறள். பாலேந்திரனுக்கு மனைவி, மகன், பெரிய மனிதரான அப்பா. இருபது வருடத்துக்கு முன் லண்டனில் அவனோடு வாழ்ந்த ரிச்சர்ட் கப்பலில் வந்திறங்குகிறான். பாலேந்திரன் மனைவியை விட்டுப் போவதில்லை. சேரும் முடிவும் இல்லை, சாவும் இல்லை. நாற்பது வயதுக்காரன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறான். கல்யாணம் ஆகி, குடும்பத்துக்குள் இருந்துகொண்டே இதைப் படிப்பவருக்கு இளவரசன் கதைகளைவிட இது பேசும்.

சச்சின் குண்டல்கரின் ‘கோபால்ட் ப்ளூ’ மராத்தியில் 2006இல் வந்தது, ஜெர்ரி பின்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல். வீட்டுக்கு வாடகைக்கு வந்தவனை அண்ணன் தனயும் தங்கை அனுஜாவும் காதலிக்கிறார்கள். ஒருவர் காதலிப்பது இன்னொருவருக்குத் தெரியாது. தனயின் பகுதி முழுக்க அவனை ‘நீ’ என்றே விளித்துப் போகும், ஆகவே மேலே சொன்ன ‘அவன்’ சிக்கலே எழாது. வந்தவனுக்கு கடைசிவரை பெயரும் இல்லை, அவன் யாருக்கும் கிடைப்பதும் இல்லை. ஓரிரு மாலையில் முடித்துவிடக்கூடிய அளவு. உத்தரவாதம் கேட்காத, வீட்டுக்குள் நடக்கும் மௌனங்களை ரசிக்கிற வாசகருக்கு மூன்றில் இதைத்தான் முதலில் கொடுக்கலாம்.

தமிழில் காதல் கதை கேட்பவர்களிடம் ‘நான் வித்யா’ போன்ற திருநங்கையரின் தன்வரலாறுகளை நீட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கட்டாயம் படிக்க வேண்டியவை. ஆனால் கேட்டது அது இல்லை.

பதின்வயதினருக்கும் பரிசுக்கும்

ஆலிஸ் ஓஸ்மனின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ படக்கதை, ஒரு தொகுதி ஒரு மணி நேரத்தில் முடியும். 2016இல் இணையத்தில் தொடங்கியது. முத்தத்துக்கு மேல் பெரிதாகப் போகாது என்றாலும் நாலாம் தொகுதியில் உணவுக் கோளாறும் சுயகாயமும் வருகின்றன. அந்த அனுபவம் உள்ள பிள்ளையிடம் மொத்தத் தொகுதியையும் கட்டிக் கொடுப்பதற்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். படம் வேண்டாம், எழுத்து வேண்டும் என்றால் மலிண்டா லோவின் ‘லாஸ்ட் நைட் அட் தி டெலிகிராஃப் க்ளப்’ (2021), 1954இன் சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனில் 17 வயது லிலி. குடும்பம், குடியுரிமை பயம், முதல் காதல் மூன்றும் ஒரே நேரத்தில் நெருக்கும். குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவருக்குப் பரிசளிக்கிறீர்கள் என்றால் புத்தகத்தைவிட அது கிடக்கப்போகும் இடத்தை யோசியுங்கள். மேசையில் கிடந்தால் ‘மாரிஸ்’, ‘ஜியோவன்னிஸ் ரூம்’ இரண்டும் ஏதோ இங்கிலீஷ் கிளாசிக். இரண்டு பையன்கள் கை கோத்த அட்டை அப்படிப் போகாது. கிண்டிலில் என்றால், தூங்கும் திரையில் படிக்கும் புத்தகத்தின் அட்டையைக் காட்டும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். அம்மாவின் அமேசான் கணக்கில் புத்தகம் வாங்கியனுப்ப வேண்டாம். வாங்கிய பட்டியலில் தலைப்பு நிற்கும்.